20 நாள் காத்திருக்கலாமா? ரேடார் படத்துக்கு எந்தச் சுற்றுப்பாதைக் கோப்பைத் தேர்வது

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் தரவை வைத்து நில அசைவை அளக்க உட்கார்ந்தால், மென்பொருள் கேட்கும் முதல் கேள்வியே சுற்றுப்பாதை பற்றியதுதான். படம் எடுத்த நொடியில் செயற்கைக்கோள் சரியாக எங்கே இருந்தது? இதற்கு நான்கு வழிகளில் பதில் தரலாம். தரவுக்குள்ளேயே வரும் சுற்றுப்பாதை விவரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் வெளியாகும் 'ரெஸ்டிட்யூட்டட்' கோப்பை இறக்கிக்கொள்ளலாம். 20 நாள் பொறுத்திருந்து 'பிரிசைஸ்' கோப்பை எடுக்கலாம். இல்லையென்றால், படம் தயாரான பிறகு அதில் தெரியும் சாய்வை மட்டும் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

எது துல்லியம் என்று மட்டும் கேட்டால் பிரிசைஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். முடிவெடுக்க அது போதாது. நீங்கள் தேடும் அசைவு எத்தனை கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். சுற்றுப்பாதைப் பிழை படத்தில் புள்ளி புள்ளியாக விழுவதில்லை. படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லச் சரியும் சாய்வாக விழுகிறது. ஐந்து கிலோமீட்டர் அகலக் குழிவைத் தேடுபவருக்கு அந்தச் சாய்வால் பெரிய தொந்தரவு இல்லை. நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகரும் நிலத்தைத் தேடுபவருக்கோ, பிழையும் தேடும் பொருளும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும்.

பாதை எப்படி விலகுகிறது

சென்டினல்-1 சுமார் 693 கி.மீ. உயரத்தில், நடுக்கோட்டுக்கு 98.18 பாகை சாய்வில் சுற்றுகிறது. 12 நாளில் 175 சுற்று முடித்து அதே தடத்துக்குத் திரும்புகிறது. பூமி சரியான உருண்டையாக இல்லாமல் நடுவில் புடைத்திருப்பதால் இந்தப் பாதையின் தளமே நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை திரும்புகிறது. இது சுற்றுப்பாதைக்கு வரும் இடையூறுகளிலேயே பெரியது. ஆனால் அதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தோடு அந்தத் திருப்பம் ஒத்துப்போகும்படி சாய்வைத் தேர்ந்ததால்தான், செயற்கைக்கோள் எப்போதும் அதிகாலை, அந்திப் பொழுதுகளில் நம் தலைக்கு மேல் வருகிறது.

நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பும் பாதையை அசைக்கும். அதுவும் நன்றாகக் கணிக்கக்கூடியதே. கணிக்கக்கூடிய இடையூறு எவ்வளவு பெரியதானாலும் படத்தைக் கெடுப்பதில்லை. கெடுப்பவை சிறியவை, சரியாகக் கணிக்க முடியாதவை: மேல்வளிமண்டலத்தின் உராய்வு, சூரிய ஒளியின் அழுத்தம், பாதையைச் சரிசெய்ய அவ்வப்போது இயக்கும் உந்துபொறிகள்.

இவற்றில் உராய்வு சூரியனின் மனநிலைக்கு ஏற்ப மாறும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, ஒரு காந்தப் புயலில் வளிமண்டலம் விரிந்ததால் வீழ்ந்தன. அவை 210 கி.மீ. உயரத்தில் இருந்தவை. 693 கி.மீ.யில் காற்று அதைவிட மிக மெல்லியது, ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் 2024 மே மாதத்தில் வந்ததுபோன்ற கடும் காந்தப் புயலின்போது, நேற்றுப் போட்ட முன்கணிப்பு இன்றைய இடத்தைச் சரியாகச் சொல்லாது. செயற்கைக்கோள் அந்தப் பாதையிலேயேதான் இருக்கும். அதில் சற்று முன்னே போயிருக்கும், அல்லது பின்னே தங்கியிருக்கும்.

இது பிழைக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பில் பாதிதான். பயணத் திசையில் வரும் பிழை ஒரு விதமாகவும், பக்கவாட்டிலும் உயரத்திலும் வரும் பிழை வேறு விதமாகவும் படத்தைத் தாக்குகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கோப்பைத் தேர்வது வீண்.

பக்கவாட்டுப் பிழையை முதலில் எடுத்துக்கொள்வோம். நில அசைவை அளக்க ஒரே இடத்தின் இரண்டு ரேடார் படங்களைச் சேர்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வண்ணப்பட்டைகளாகக் காட்டும் இன்டர்ஃபெரோகிராம் செய்கிறோம். முதல் முறை செயற்கைக்கோள் இருந்த இடத்துக்கும் இரண்டாம் முறை இருந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை பேஸ்லைன் என்பார்கள். அந்த இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் அளவைத் தவறாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் சிக்கல். சென்டினல்-1இன் படம் 250 கி.மீ. அகலம். அதன் அருகு ஓரத்துக்கும் தொலை ஓரத்துக்கும் இடையே ரேடார் பார்க்கும் கோணம் ஏறக்குறைய 14 பாகை மாறுகிறது. ஆகவே பார்வைக்குக் குறுக்கான பேஸ்லைனில் உள்ள பிழையில் கிட்டத்தட்ட கால் பங்கு, படத்தின் ஓரத்துக்கு ஓரம் பொய்யான அசைவாக விழும். சென்டினல்-1இன் அலைநீளம் 5.55 செ.மீ. அதனால் பார்வைத் திசையில் ஒவ்வொரு 2.8 செ.மீ. அசைவுக்கும் ஒரு முழு வண்ணப்பட்டை வரும். பேஸ்லைனில் 1 மீட்டர் பிழை இருந்தால், ஒன்றுமே அசையாத நிலத்தின் மேல் எட்டு ஒன்பது பட்டைகள் தோன்றும்.

பயணத் திசைப் பிழை சென்டினல்-1க்குக் கூடுதல் தலைவலி. அது படம் எடுக்கும் 'டாப்ஸ்' முறையில் ஆன்டெனாவின் கற்றை முன்னும் பின்னும் வீசப்பட்டு, படம் துண்டு துண்டாகச் சேர்கிறது. இரண்டு படங்களும் பயணத் திசையில் ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பொருந்த வேண்டும் என்பது இதன் விதி. ஒரு பிக்சல் சுமார் 14 மீட்டர். அப்படியானால் வெறும் 1.4 செ.மீ. அந்த அளவு பிசகினாலே துண்டுகளின் எல்லையில் கட்டம் (ரேடார் அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) சுமார் 3 பாகை குதிக்கும். 1 மீட்டர் பிசகினால் அரைப் பட்டைக்கும் குறையாத வெட்டுகள் படம் முழுக்கத் தெரியும். உராய்வு செயற்கைக்கோளை எந்தத் திசையில் அதிகம் பிசக வைக்கிறதோ, அதே திசையில்தான் இந்த முறை மிக நுட்பமாக உணர்கிறது.

நல்லவேளையாக, இந்த இரண்டாவது பிழையைப் படத்திலிருந்தே சரிசெய்யலாம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் கட்ட வேறுபாட்டை அளந்து பிசகைக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு என்ஹான்ஸ்டு ஸ்பெக்ட்ரல் டைவர்சிட்டி என்று பெயர், சுருக்கமாக இஎஸ்டி. எந்தக் கோப்பை எடுத்தாலும் இந்தப் படியை விடாதீர்கள். இனி ஒப்பிட வேண்டியது பக்கவாட்டுப் பிழையை மட்டும்தான்.

தரவோடு வரும் விவரம்

இதை வைத்துப் படத்தின் ஒளிர்வைப் பார்க்கலாம், வெள்ளம் எங்கே நிற்கிறது என்று வரையலாம், கப்பலைத் தேடலாம். பத்து மீட்டர் பிக்சலில் இதெல்லாம் நடக்கும். இன்டர்ஃபெரோகிராம் செய்வதற்கு வேண்டாம். மூன்று மணி நேரத்தில் அதைவிட நல்ல கோப்பு இலவசமாகக் கிடைக்கும்போது இதை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

மூன்று மணி நேரக் கோப்பு

ரெஸ்டிட்யூட்டட் கோப்பு முன்கணிப்பு அல்ல. செயற்கைக்கோளில் உள்ள ஜிபிஎஸ் கருவி உண்மையில் அளந்ததிலிருந்து கணக்கிடுவது. புயலோ உந்துபொறியோ பாதையை அசைத்திருந்தால் அந்த அசைவும் அளவீட்டில் பதிவாகியிருக்கும். இதற்கு வகுத்த துல்லிய வரம்பு 10 செ.மீ. இரண்டு படங்களிலும் முழு 10 செ.மீ. பிழை இருப்பதாக வைத்துக்கொண்டால் பேஸ்லைனில் சுமார் 14 செ.மீ. பிழை வரும். படத்தின் ஓரத்துக்கு ஓரம் அது மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு பட்டையைச் சற்றே தாண்டும். நடைமுறையில் கோப்புகள் பெரும்பாலும் வரம்பைவிட நன்றாகவே வருகின்றன.

இந்த ஒரு பட்டையைத் துருக்கியில் வைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரி 6 அன்று தெற்குத் துருக்கியில் 7.8 அளவிலும், சில மணி நேரம் கழித்து 7.5 அளவிலும் நிலநடுக்கங்கள் வந்தன. முதல் பிளவு மட்டுமே 300 கி.மீ.க்கு மேல் நீளம். சென்டினல்-1இன் இரட்டைச் செயற்கைக்கோள்களில் 1பி 2021 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது, இருந்தது 1ஏ ஒன்றுதான். அது பிப்ரவரி 9, 10 தேதிகளில் அந்தப் பகுதியைக் கடந்தது. பிளவின் இரு பக்கமும் நிலம் மீட்டர் கணக்கில் விலகியிருந்தது. எந்தக் கிளை உடைந்தது, எதுவரை உடைந்தது, அடுத்து எங்கே அழுத்தம் ஏறியிருக்கும் என்று மீட்புப் பணியில் இருப்பவர்களும் புவியியலாளர்களும் அன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 20 நாள் காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மீட்டர் கணக்கில் விலகிய நிலத்தில் மூன்று சென்டிமீட்டர் சாய்வு ஒரு குறையே இல்லை.

சிறிய இடங்களுக்கும் இதே கோப்பு போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்றரை சென்டிமீட்டரை 250 கி.மீ.யில் பரப்பினால் 10 கி.மீ.க்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சுரங்கம், ஒரு மலைச்சரிவு, ஓர் அணை, ஓர் எரிமலை வாய் எல்லாமே அந்த அகலத்துக்குள் அடங்கும். மெக்சிகோ நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, சில இடங்களில் ஆண்டுக்குப் பல பத்து சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அதை அளக்க எந்த ஆர்பிட் (சுற்றுப்பாதை) கோப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

20 நாள் கழித்து வருவது

பிரிசைஸ் கோப்பின் வரம்பு 5 செ.மீ. ஒரு கோப்பு 26 மணி நேரத்தைத் தாங்கி வரும். அதாவது ஒரு முழு நாளும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மணி நேரம் கூடுதலாகவும். ஒவ்வொரு பத்து நொடிக்கும் செயற்கைக்கோளின் இடமும் வேகமும் அதில் இருக்கும். மேலே போட்ட அதே கணக்கில் படத்தின் ஓரத்துக்கு ஓரம் சாய்வு இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது, முக்கால் பட்டைக்கும் குறைவு.

ஒரே ஒரு இன்டர்ஃபெரோகிராமில் பார்த்தால் இந்த லாபம் அத்தனை பெரிதாகத் தெரியாது. வளிமண்டல ஈரப்பதம் மட்டுமே பல சென்டிமீட்டர் பொய் அசைவைக் காட்டும். படத்தில் சாய்வைப் பார்த்தவுடன் ஆர்பிட் சரியில்லை என்று சொல்லும் பழக்கம் ரேடார்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. 1990களின் ஈஆர்எஸ் செயற்கைக்கோள் காலத்தில் அது நியாயம். சென்டினல் காலத்தில் அந்தப் பழி பெரும்பாலும் தவறான ஆள்மேல் விழுகிறது.

பிரிசைஸ் கோப்பின் அருமை தொடர் அளவீட்டில்தான் தெரியும். ஒவ்வொரு நாளின் சுற்றுப்பாதைப் பிழையும் அந்தந்த நாளுக்கு உரியது. இன்றைக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த முறை மறுபக்கம் சாயலாம். நிலத்தின் அசைவு அப்படி இல்லை, ஆண்டுக்கு ஆண்டு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். ஐந்து ஆண்டில் 12 நாளுக்கு ஒன்றாக 150 படங்கள் கிடைத்தன என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் முழு 5 செ.மீ. பிழை இருந்தாலும், அவற்றுக்கு நேர்கோடு பொருத்தினால் 250 கி.மீ. முழுமைக்கும் வரும் ஐயம் ஆண்டுக்கு 1 மி.மீ.க்கும் கீழே போய்விடும். துருக்கியின் அனத்தோலியப் பிளவுகள் போன்ற இடங்களில் நிலநடுக்கத்துக்கு முன்னால் மெல்லச் சேரும் அழுத்தத்தை விண்வெளியிலிருந்து அளக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கே அடிப்படை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கடந்த முப்பது ஆண்டில் நடந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று இது. அந்தச் சிறிய கோப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சாய்வைக் கழித்துவிடுவது

நான்காவது வழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1991இல் ஏவிய ஈஆர்எஸ்-1இல் இடமறியும் கருவி ஏவிய சில நாளிலேயே பழுதாகிவிட்டது. தரையிலிருந்து லேசர் கதிரை அனுப்பித்தான் அதன் பாதையை அளந்தார்கள். 1992 ஜூனில் கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, அந்தச் செயற்கைக்கோளின் படங்களிலிருந்துதான் முதன்முதலாக ஒரு நிலநடுக்கத்தின் முழு அசைவும் வண்ணப்பட்டைகளாக உலகுக்குத் தெரிந்தது. அந்தக் காலத்து இன்டர்ஃபெரோகிராம்களில் பாதைப் பிழையால் வரும் உபரிப் பட்டைகள் சாதாரணம். நிலநடுக்கத்திலிருந்து தள்ளியிருக்கும் இடங்களில் அந்தப் பட்டைகளை எண்ணி, ஒரு தளத்தைப் பொருத்தி, கழித்துவிடுவார்கள். வேறு வழி இல்லாதபோது வந்த நல்ல வழி அது.

அந்த வழக்கம் மென்பொருளில் ஒரு பொத்தானாக மாறிப் பலரது கையில் பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. படம் தட்டையாக வந்தால் பார்க்க அழகாக இருக்கும். அதனால் யோசிக்காமலே அதை அழுத்திவிடுகிறார்கள். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஏன் என்றால், பொருத்தும் தளத்துக்குச் சுற்றுப்பாதைப் பிழை எது, நில அசைவு எது என்று தெரியாது. கிழக்கு அனத்தோலியப் பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 10 மி.மீ. விலகுகின்றன. பிளவு 15 கி.மீ. ஆழம் வரை நழுவாமல் பூட்டிக்கிடந்தால் அந்த விலகலில் 80 விழுக்காடு, பிளவின் இரு பக்கமும் 45 கி.மீ. வரை பரவி நிற்கும். ரேடாரின் பார்வைத் திசையில் இது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். 250 கி.மீ. படத்தில் இது எப்படித் தெரியும்? நடுவில் சற்று வளைந்த ஒரு சாய்வாக. தளம் பொருத்திக் கழித்தால் களையோடு பயிரும் போய்விடும். மிஞ்சும் வளைவைப் பார்த்துவிட்டு, பூட்டிய ஆழம் குறைவு என்றோ நகர்வு வேகம் குறைவு என்றோ ஒருவர் எழுதுவார். அந்த எண் நிலநடுக்க அபாய வரைபடத்துக்குள் போகும். மக்கள் வாழும் ஊர்களின் அபாயத்தை நாமே குறைத்துக் காட்டியதாகிவிடும்.

2023 துருக்கி போன்ற பெரிய நிலநடுக்கத்திலும் இது ஆபத்தே. தளம் பொருத்த அசையாத நிலம் தேவை. பிளவு படத்தைவிட நீளமாக இருக்கும்போது அசையாத நிலத்தை எங்கே தேடுவது?

எங்கே இது நியாயம்? தேடும் குழிவு சிறியது, அதைச் சுற்றி அசையாத நிலம் தாராளமாக இருக்கிறது, குழிவை மறைத்துவிட்டு மற்ற இடத்தில் மட்டும் தளத்தைப் பொருத்துகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம். அங்கே சாய்வு ஆர்பிட்டிலிருந்து வந்ததா காற்றிலிருந்து வந்ததா என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஈஆர்எஸ், ராடர்சாட்-1 போன்ற பழைய தரவுகளுக்கும் பெரும்பாலும் இதுதான் கதி. அகன்ற அசைவைத் தேடுகிறீர்கள், சாய்வும் தொந்தரவு தருகிறது என்றால், தளத்தைப் படத்திலிருந்து பொருத்தாதீர்கள். தரையில் நிலையாக நிற்கும் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற இடமறியும் முறை) நிலையங்களின் அளவீட்டோடு பொருத்துங்கள். அனத்தோலியாவின் அகன்ற வேக வரைபடங்கள் இரண்டையும் சேர்த்தே செய்யப்பட்டன. நேரத் தொடருக்குப் பலரும் பயன்படுத்தும் மின்ட்பை மென்பொருளிலும், சாய்வு நீக்கம் நீங்களாகக் கேட்டால் ஒழிய நடப்பதில்லை. அந்த இயல்புநிலையை மாற்றுவதற்கு முன் ஒரு காரணம் எழுதிவையுங்கள்.

பிரிசைஸ் கோப்பும் தீர்க்காதது

பாதை இத்தனை துல்லியமான பிறகு, முன்பு கண்ணில் படாதவை வெளியே வந்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்டத்தட்டின் நகர்வு. ஆர்பிட் கோப்பு பூமி முழுமைக்கும் பொதுவான அச்சமைப்பில் எழுதப்படுகிறது. இந்தியத் தட்டு அந்த அமைப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. தட்டு முழுவதும் ஒன்றாக நகர்ந்தாலும், ரேடாரின் பார்வைக் கோணம் படத்துக்குள் மாறுவதால் அந்த நகர்வு இரு ஓரத்திலும் ஒரே அளவாகப் பதிவாகாது. விளைவு, ஆண்டுக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர் சாய்வு. பார்க்கச் சுற்றுப்பாதைப் பிழையைப் போலவே இருக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே திசையில் சேருவதால் எத்தனை படம் சேர்த்தாலும் சராசரியில் கரையாது. தட்டின் நகர்வு தெரிந்ததே, அதைக் கணக்கிட்டு நீக்குவது எளிது. அலைகடலைப் போலத் திடநிலத்துக்கும் உள்ள ஏற்றவற்றத்தையும் இதே முறையில் கணக்கிட்டு நீக்கலாம்.

அப்படியென்றால் எதை எடுப்பது

நிலநடுக்கம், எரிமலை, நிலச்சரிவு போன்ற அவசரம் என்றால் ரெஸ்டிட்யூட்டட், அன்றைக்கே. அறிக்கையில் எந்தக் கோப்பு என்று எழுதிவிட்டு, 20 நாள் கழித்து பிரிசைஸில் மறுபடி ஓட்டுங்கள். நகரத் தாழ்வு, சுரங்கம், அணை என்றால் இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கலாம். கடைசி ஒன்றிரண்டு படங்களுக்கு மட்டும் ரெஸ்டிட்யூட்டட் இருப்பதால் முடிவு மாறிவிடாது, பின்னால் மாற்றிக்கொண்டால் போதும். பிளவுகளின் மெதுவான நகர்வு, பரந்த டெல்டாவின் அமிழ்வு என்றால் பிரிசைஸ் தவிர வேறெதுவும் வேண்டாம். சாய்வு நீக்கமும் வேண்டாம்.

சென்டினல் படங்களைச் செயலாக்க ஸ்னாப் மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்பிட் கோப்பைப் பொருத்தும் படியில், புதிய கோப்பு கிடைக்காவிட்டாலும் நிறுத்தாமல் தொடர் என்று பொருள்படும் ஒரு பெட்டி உண்டு. அதில் குறி போட்டிருந்தால், பிரிசைஸ் கிடைக்காதபோது தரவுக்குள் வந்த பழைய விவரத்தோடே மேலே போய்விடும். பிரிசைஸ் போட்டதாகவே நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெட்டியில் குறி போடாமல் விடுங்கள். கோப்பின் பெயரையும் பாருங்கள்: பிஓஇ என்ற எழுத்துகள் இருந்தால் பிரிசைஸ், ஆர்இஎஸ் என்றிருந்தால் ரெஸ்டிட்யூட்டட்.

நைசார் வந்த பிறகு இந்த ஒப்பீட்டில் ஒரு பகுதி மாறுகிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த இந்தச் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 747 கி.மீ. உயரம், இதற்கும் 12 நாள் சுற்று. அதன் எல்-பட்டை (ஓர் அலைவரிசையின் பெயர்) ரேடாரின் அலைநீளம் 24 செ.மீ., ஒரு வண்ணப்பட்டைக்கு 12 செ.மீ. அசைவு. அதே சுற்றுப்பாதைப் பிழைக்குப் பட்டைகள் குறைவாகத் தெரியும். ஆனால் சென்டிமீட்டராக மாற்றினால் பிழை அதேதான், பட்டை குறைந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். எல்-பட்டையில் பெரிய எதிரி அயனமண்டலம், அதாவது மின்னேற்றம் பெற்ற மேல்வளிமண்டல அடுக்கு. அதன் தாக்கம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் சென்டினலைவிடச் சுமார் 18 மடங்கு அதிகம். அதுவும் படத்தின் குறுக்கே அகன்ற சாய்வாகவே விழும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை அருகே போவதால், அதன் வடக்கே அயனமண்டலத்தின் அடர்த்தி வேகமாக மாறுகிறது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இது நேரடியாகப் பொருந்தும். இதைப் பிரித்தெடுக்கத்தான் நைசார் முதன்மை அலைவரிசையோடு சற்றுத் தள்ளி இன்னொரு குறுகிய அலைவரிசையிலும் அளக்கிறது. நைசார் படத்தில் சாய்வு தெரிந்தால், ஆர்பிட் கோப்பை மாற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த அயனமண்டலத் திருத்தம் போட்டாயிற்றா என்று பாருங்கள்.